பரிவும் இசைச் சூழலும்

பியானோவின் வலப்புற மிதியைக் காலால் அழுத்திக்கொண்டு, அதன் தந்திகளை நோக்கி 'ஆ' எனப் பாடி நிறுத்துங்கள். எவரும் கட்டைகளைத் தொடாதிருக்க, நீங்கள் பாடிய சுரம் பெட்டிக்குள்ளிருந்து மெல்லத் திரும்பி ஒலிக்கும். மிதியை அழுத்தியதும் தந்திகளை அடக்கிவைத்த கம்பளித் துண்டுகள் உயர்ந்துவிடுகின்றன. அவ்வாறு விடுதலை பெற்ற தந்திகளுள் உங்கள் குரலின் அதிர்வோடு ஒத்தவை மாத்திரம் தாமே அதிர்கின்றன.

ஊஞ்சலை அதன் போக்கறிந்து சிறிது சிறிதாகத் தள்ளினும் அது உயர்ந்து ஆடுமன்றோ? அதுவே இங்கும் நிகழ்கின்றது. விஞ்ஞான நூலார் இதனைப் பரிவு என்பர். எத்துணைப் பொருத்தமான சொல்! பிறர் துயர் கண்டு நெஞ்சம் நெகிழ்வதும் பரிவு. ஒத்த சுரங் கேட்டுத் தந்தி அதிர்வதும் பரிவு.

சிதாரின் மெட்டுகளுக்குக் கீழே, பொதுவாக 11 முதல் 13 வரையான பரிவுத் தந்திகள் இராகத்தின் சுரங்களுக்கேற்பச் சுருதி கூட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் விரல் படாமலே அவை இசைக்கு ஒரு சூழலை அமைக்கின்றன.

இன்று மின்கருவிகளும் கணினியும் இதே பணியைச் செய்கின்றன. ஓர் ஒலியை ஒரு செக்கனின் 220இல் ஒரு பங்கு நேரந் தாமதித்து, சற்றே குறைத்து, மீண்டும் அதனுடன் கலந்து சுழலவிட்டால், செக்கனுக்கு 220 அதிர்வுடைய சுரமும் அதன் மடங்குகளும் மேலோங்கும். சுரமற்ற மழையிரைச்சலும் சுருதி பெறும். 220, 275, 330 என மூன்று சுழல்களை அமைப்பின், சட்சமும் அந்தர காந்தாரமும் பஞ்சமமும் அம்மழைக்குள்ளிருந்தே எழும். சுழலும் ஒலியைக் குறைக்காது விட்டாலோ ஊளையே மிஞ்சும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் அல்வின் லூசியர், ஓர் அறையிலே தாம் பேசியதைப் பதிவுசெய்து, அதனை அவ்வறையிலேயே ஒலிக்கவிட்டு மீண்டும் பதிந்தார். பன்முறை இவ்வாறு செய்யவே, அறையின் பரிவுச் சுரங்கள் வளர்ந்தன. சொற்களோ முற்றாகக் கரைந்தன. அவர் வேண்டியதும் அதுவே. ஆனால் வானொலி நாடகத்திற்கு அது பொருந்தாது. முகமோ மேடையோ காணாத நேயருக்குச் சொல்லே எல்லாம். தாய் மகனை விடைகொடுத்து அனுப்பும் சொல் இசைமழையில் மூழ்குமாயின் நாடகமே மூழ்கிவிடும்.

ஆதலின், சூழலொலியைப் பாடுவோரின் சுருதிக்கே கூட்டுதல் வேண்டும். பேச்சு எழும்பொழுது அதனைத் தாழ்த்துதல் வேண்டும். துணை நிற்பதே பரிவின் இயல்பு, முந்தி நிற்பதன்று.