முடிவு கைக்கு வந்தால்தான் பரிசோதனை

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதல்ல. எச்.பி.வி. எனும் வைரசுத் தொற்று உடலை விட்டு நீங்காமல் தங்கினால், பல ஆண்டுகள் சென்ற பின்னரே அது புற்றுநோயாக மாறுகின்றது. அந்த இடைக்காலத்தில் பெரும்பாலும் நோவோ வேறு அறிகுறியோ தெரிவதில்லை. ஆயினும் களையை முளையிலேயே பிடுங்குவதுபோல, அப்போதே கண்டுபிடித்தால் நோய் வராமலே தடுக்கலாம்.

எமது நாட்டில் 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35, 45 வயதுப் பெண்களுக்கு அங்கு பாப் பரிசோதனை இலவசம். ஆனால் இடம்பெயர்ந்து வாழும் தாய்மாருக்குத் தடைகள் பல. கிளினிக் தூரம், ஒரு நாட் கூலி போய்விடும், வெட்கம் வேறு. பரிசோதனை செய்தாலும், முடிவு வரும்போது குடும்பம் வேறு ஊரில் இருக்கும்.

ஆர்ஜென்டீனாவின் வடக்கே மலைகள் சூழ்ந்த ஹுஹூய் மாகாணத்திலும் பெண்கள் கிளினிக்குக்கு வரத் தயங்கினர். 2012இல் அங்குள்ள கிராமிய சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று ஒரு சிறு தூரிகையைக் கொடுத்தனர். பெண்கள் தாமே மறைவில் மாதிரி எடுத்துக் கொடுத்தனர். இவ்வாறு அணுகப்பட்டோரில் 100க்கு 86 பேர் பரிசோதனை செய்துகொண்டனர். கிளினிக்குக்கு வருமாறு சொல்லப்பட்ட பெண்களிலோ 20 பேர் மட்டுமே.

எனினும், தொற்று இருப்பதாகக் காணப்பட்டவர் மறுபரிசோதனைக்கு வராவிட்டால் பயனில்லை. ஆகவே பின்னர் அதே மாகாணத்தில் கைத்தொலைபேசியைத் துணைக்கு எடுத்தனர். பெண்ணுக்குக் குறுஞ்செய்தி செல்லும். அவர் வராவிட்டால் அப்பகுதிப் பணியாளருக்கு அறிவித்தல் செல்லும். அவர் வீடு தேடிப் போவார். கருவி நினைவூட்டியது, கதவைத் தட்டியவர் மனிதரே.

இதிலிருந்து நாம் செய்யக்கூடியவை:

1. இடம் மாறினாலும் தொலைபேசி இலக்கம் மாறினாலும் குடும்பநல உத்தியோகத்தருக்கு உடனே அறிவியுங்கள்.

2. கிளினிக் அட்டையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். அட்டை தொலைந்தாலும் திகதியும் பதிவிலக்கமும் மிஞ்சும்.

3. தொலைபேசி கணவரிடமோ மகனிடமோ இருந்தால், செய்தியில் நோயின் பெயர் வேண்டாம், "கிளினிக்குக்கு வரவும்" என்பது போதும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

4. மாதர் சங்கக் கூட்டங்களில், யாருக்கு முடிவு இன்னும் வரவில்லை என்று விசாரியுங்கள்.

தொற்று உண்டு என்ற முடிவு புற்றுநோய் உண்டு என்பதல்ல. அஞ்சி வீட்டில் இருந்துவிடாதீர்கள். 2017 முதல் 6ஆம் வகுப்புச் சிறுமியருக்குப் பாடசாலையில் எச்.பி.வி. தடுப்பூசி ஏற்றப்படுகின்றது. மகளுக்கு ஊசி, தாய்க்குப் பரிசோதனை: இரண்டையும் தவறவிடாதிருப்போம்.