காட்டாற்றின் கரையில் நாம் விருந்தினர்

பள்ளி விடுமுறை நெருங்கினால் தோட்டங்களில் சுற்றுலாப் பேச்சு எழுவது இயல்பு. கோயில், கடற்கரை, தலைநகரம் என்று பட்டியல் நீளும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தின் இளைஞர்கள் பகாங் மாநிலத்துத் தெம்பெலிங் ஆற்றில் படகேறி, தாமான் நெகாரா காட்டையும் அங்கு வாழும் பூர்வகுடி மக்களையும் கண்டுவர முடிவு செய்தனர். அவர்களோடு நானும் சென்றிருந்தேன்.

பேருந்தில் ஓர் இளைஞன், “காட்டு மனிதர்களைப் பார்க்கப் போகிறோம்” என்று கூறிச் சிரித்தான். அருகில் அமர்ந்திருந்த, பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அவனை மெல்லத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, நான் சிறுவனாக இருந்தபோது துரையின் விருந்தாளிகள் நம் லயத்துக்கு வருவார்கள். நாங்கள் பால் வெட்டுவதைப் படம் பிடிப்பார்கள். ஒருவராவது எங்கள் பெயரைக் கேட்டதில்லை” என்றார். அதன்பின் அவ்விளைஞன் பேசவில்லை. அப்பயணம் முழுவதும் அச்சொற்கள் என் நெஞ்சில் நின்றன.

ஆறும் காடும்

ஜெராண்டுட் நகருக்கு அருகில் உள்ள கோலா தெம்பெலிங் துறையில் நாங்கள் படகேறினோம். நீண்டு குறுகிய மரப்படகு, பின்புறம் இயந்திரம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஆற்றை எதிர்த்துச் சென்றால் கோலா தாஹானை அடையலாம். அதற்கு மூன்று மணி நேரம் பிடித்தது. இன்று அவ்வூருக்குச் சாலை வழியும் உண்டு. ஆயினும் காட்டின் இயல்பை உணர்த்துவது ஆற்றுவழியே. கரையில் நெராம் மரங்கள் நீரின்மேல் சாய்ந்து கவிந்திருந்தன. மீன்கொத்திகள் பாய்ந்தன; இருவாய்ச்சிகள் சிறகோசையோடு கடந்தன.

மழையின்றி நீர் வற்றிய காலத்தில் படகு மணலில் தட்டும். பயணிகள் இறங்கித் தள்ளவும் நேரிடும். ஆண்டிறுதிப் பருவமழையில் ஆறு பெருக்கெடுக்கும். ஆகவே, படகோட்டியின் சொல்லைத் தட்டுதல் ஆகாது; மிதவை அங்கியையும் கழற்றலாகாது.

தாமான் நெகாராவின் பரப்பு 4,343 சதுரக் கிலோமீட்டர். பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் 1938, 1939-ஆம் ஆண்டுகளில் தனித்தனியே சட்டம் இயற்றி இக்காட்டைப் பாதுகாத்தன. அச்சட்டங்களுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே இக்காட்டைத் தம் வீடாகக் கொண்டவர்கள் பாத்தேக் மக்கள்.

யார் இம்மக்கள்?

‘ஓராங் அஸ்லி’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பூர்வகுடியினர் என்பது பொருள். தீபகற்ப மலேசியாவில் வாழும் இம்மக்களை நெகிரித்தோ, செனோய், முதுமலாயர் என மூன்று பெரும் பிரிவுகளாகவும், அவற்றுள் 18 இனங்களாகவும் வகுத்துள்ளனர். பாத்தேக் இனத்தார் நெகிரித்தோ பிரிவினர். அவர்களுடைய மொழி மலாய் மொழியின் கிளை அன்று. கம்போடியாவின் கெமர் மொழியும், இந்தியாவின் சந்தாலி, முண்டாரி மொழிகளும் அடங்கிய பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது அது.

காட்டுக்கிழங்கு, மீன், வேட்டை, பிரம்பு, அகில் கட்டை ஆகியவை அவர்களுடைய வாழ்வுக்கு ஆதாரம். ஓரிடத்தில் உணவு குறைந்தால் பாசறையை மாற்றுவர். ஓலையால் வேய்ந்த சாய்ப்புக் குடிலைச் சிறிது நேரத்தில் எழுப்பிவிடுவர். அப்பணியைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். இன்று பலர் நிலையான குடியிருப்புகளிலும் வாழ்கின்றனர்.

கிடைத்த உணவைப் பாசறையில் உள்ள அனைவரோடும் பகிர்தல் அவர்களுடைய நெறி. அது தருமம் அன்று, கடமை. விலங்குகளை எள்ளி நகையாடுவது அவர்களிடையே பெருங்குற்றம். அது இடியையும் புயலையும் வருவிக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. குரங்கைக் கண்டு நாம் கேலி செய்து சிரித்தால், அவர்கள் முகம் மாறுவதன் காரணம் இதுவே.

ஈப்போ மரமும் பால்மரமும்

பாசறைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் வழிகாட்டி ஒரு மரத்தைச் சுட்டிக் காட்டினார். அது ஈப்போ மரம். பேராக்கின் ஈப்போ நகரம் இம்மரத்தின் பெயரைக் கொண்டதே. அதன் பட்டையில் சாய்வான வெட்டுகள் காணப்பட்டன. அவ்வெட்டுகளில் வடியும் பாலை ஏந்தி, நெருப்பில் காய்ச்சிக் குழம்பாக்கி, அம்பின் நுனியில் தடவுவர். ஊதுகுழலால் எய்த அம்பு பாய்ந்ததும், நஞ்சு குருதியில் கலந்து விலங்கின் இதயத்தை நிறுத்தும். காயத்தைச் சுற்றிய தசையை அறுத்து எறிந்துவிட்டு எஞ்சியதைச் சமைத்து உண்பர்.

பெரியவர் மரத்தை நெருங்கி, அவ்வெட்டைக் கூர்ந்து நோக்கினார். “பட்டையோடு நிறுத்தியிருக்கிறார்கள், மரத்தில் காயம் படவில்லை. நல்ல கை” என்று மலாயில் கூறினார். உடன் வந்த பாத்தேக் முதியவரின் முகம் மலர்ந்தது. “நீங்களும் மரம் வெட்டிப் பால் எடுப்பவரா?” என்று கேட்டார். பெரியவர் தம் வலக்கையை நீட்டி, கத்தி பிடித்துக் காய்த்த இடத்தைக் காட்டினார். விடியலின் குளிர்ச்சியில்தான் ரப்பர்ப் பால் நன்கு ஒழுகும் என்று விளக்கினார். இருவரும் வேரில் அமர்ந்து வெகுநேரம் உரையாடினர். முதலில் ஒருவர் பெயரை மற்றவர் கேட்டறிந்தனர்.

பேருந்தில் சிரித்த இளைஞன் அருகில் நின்று அதனைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

செல்வோர் கவனத்திற்கு

முதலாவது, உடல்நலம். 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தாமான் நெகாராவின் கிளந்தான் பகுதியில் உள்ள கோலா கோ குடியிருப்பில் பாத்தேக் மக்களிடையே தட்டம்மை பரவியதைச் சுகாதார அமைச்சு உறுதிப்படுத்தியது. அக்குடியிருப்பில் அவ்வாண்டு பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தட்டம்மை காற்றின் வழியே பரவும் நோய். தடுப்பூசி முழுமையாகச் சென்றடையாத சிறு சமூகத்தில் அது பெருந்தீயாகும். ஆகையால், காய்ச்சலோ இருமலோ உள்ளவர் அவர்களுடைய பாசறைக்குள் செல்லலாகாது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அனுமதி. அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே செல்லுங்கள். குடியிருப்புக்குரிய கட்டணம் அம்மக்களின் கைக்குச் சேருகிறதா என்று கேட்டறியுங்கள். கேட்டு, இசைவு பெற்ற பின்னரே படம் எடுங்கள். குடிலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, அன்பளிப்பு. மிட்டாய்களைப் பிள்ளைகள் நடுவே வீசுவது நம் பிள்ளைகளுக்கும் இழுக்கு, அவர்களுக்கும் இழுக்கு. அரிசி போன்றவற்றைக் கொண்டு சென்றால் மூத்தவர் ஒருவரிடம் கொடுங்கள். அவர்கள் முறைப்படி பகிர்ந்துகொள்வர்.

நான்காவது, வாய்ச்சொல். ‘சக்காய்’ என்னும் பழஞ்சொல்லை இன்றும் சிலர் அறியாமல் ஆளுகின்றனர். அது அம்மக்களை இழிவுபடுத்தும் சொல், அதை விட்டொழிப்போம். ‘கூலி’ என்று நம்மை அழைத்தபோது நமக்கு எப்படி இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தாலே போதும்.

திரும்பும்போது படகு நீரோட்டத்தோடு விரைந்தது. அவ்விளைஞன் பெரியவரிடம், “தாத்தா, அவர் பெயர் என்னவென்று சொன்னீர்கள்?” என்று கேட்டான். பெரியவர் சொன்னார். அவன் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

நீங்களும் ஒருநாள் இவ்வாற்றில் செல்லக்கூடும். அக்கரையில் வாழ்வோர் காட்சிப் பொருள்கள் அல்லர். நம்மை வரவேற்கும் வீட்டார் என்பதை நினைவில் கொண்டு படகேறுங்கள்.