விருந்தினர் உறவினராவது எப்போது?

நம் ஒலக்கூருக்கு மேற்கே செஞ்சிக் கோட்டை நிற்கின்றது. அந்தச் செஞ்சி நாட்டின் எல்லையிலிருந்த கோலை என்னும் ஊருக்கு 1674ஆம் ஆண்டில் வந்தார் புனித அருளானந்தர். லிஸ்பன் நகரில் 1647இல் பிறந்து, போர்த்துக்கல் அரசவையில் வளர்ந்தவர் அவர். இங்கோ காவியுடுத்துப் பண்டார சுவாமியானார், புலாலைத் துறந்தார், தமிழைத் தம் மொழியாக்கினார்.

அயலார் ஒருவர் சிற்றூர்க் குடும்பத்தில் தங்க வந்தால், வீட்டார் நாற்காலி இட்டுத் தனிக்கறி சமைப்பர். முதல் நாள் அது அன்பு. பத்தாம் நாள் அது கடன். வந்தவர் பாயில் அமர்ந்து, வீட்டார் குடிக்கும் கூழையே கேட்டு வாங்கினாலன்றி அச்சுமை இறங்காது. தாய்லாந்துச் சிற்றூர்களிலும் வாயிலில் காலணி கழற்றி, பிறர்பால் கால் நீட்டாது பாயில் அமர்வதே முறை. அங்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இது புதிதன்று.

எழுபத்திரண்டு சீடரை அனுப்பிய ஆண்டவர், வீடுவிட்டு வீடு மாறாது தங்கி, படைத்ததை உண்ணப் பணித்தார். ஏன்? நல்லுணவு நாடி வேறு வீடு செல்பவர், முதல் வீட்டாரின் வறுமையை ஊரறியச் செய்கிறார் அன்றோ!

வரவேற்கும் குடும்பத்தினரே, கடன்பட்டு விருந்திடாதீர். அன்றாட உணவைப் பகிருங்கள். மாலைச் செபமாலைக்கு அவரையும் அருகில் அமர்த்துங்கள். அன்றே அவர் உறவினராவார்.