நாயின் பெயர் கல்லில் உண்டு. மனைவியின் பெயர் எங்கே?

மத்தூர் சாலையில் போர்க்காலப் பெண்களின் கதை

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் மத்தூரைத் தாண்டிப் போகிறார்கள். வழியெல்லாம் மாந்தோப்பு. தூரத்தில் கரடுகள். மத்தூருக்கு அப்பால் ஊத்தங்கரை. அதற்கப்பால் சிங்காரப்பேட்டை. பிறகு செங்கம்.

இன்று இது பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலை. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் படை போகும் வழி!

மேற்கே மைசூர்ப் பீடபூமி. கிழக்கே ஆற்காட்டுச் சமவெளி. மேட்டிலிருந்து இறங்கும் படையும், கீழிருந்து ஏறும் படையும் இந்த வட்டாரத்துக் கணவாய்களைத்தான் தேடி வந்தன. ஆகவே இங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போரைக் கண்டார்கள்.

போரில் மாண்ட ஆண்களின் கதை கல்லில் இருக்கிறது. வீட்டில் இருந்த பெண்களின் கதை எங்கே?

காவல் நின்ற நாய்

செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் கிடைத்தது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சி ஆண்டில் நட்ட கல் அது. சுமார் 1,400 ஆண்டுப் பழமை!

கல்லில் ஒரு வீரன் நிற்கிறான். அவன் பெயர் கருந்தேவக்கத்தி. எருமைகளைக் காக்கப் போராடி உயிர் விட்டவன். அவன் பக்கத்தில் ஒரு நாய். எசமானன் விழுந்த பிறகும் அது ஓடவில்லை. இரண்டு கள்ளர்களைக் கடித்து, காவல் நின்றது. அந்த நாயின் பெயர் கோவிவன். அதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நன்றியுள்ள நாய்க்கு மரியாதை செய்தார்கள். நல்லதுதான்!

ஆனால் அந்த வீரனுக்குத் தாய் இருந்திருப்பாள். மனைவியும் இருந்திருக்கலாம். அன்று மாலை அவன் வருவான் என்று அடுப்பு மூட்டிக் காத்திருந்தவள் யார்? கல் அதைச் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட நடுகற்கள் செங்கம், ஊத்தங்கரை, அரூர்ப் பக்கங்களில் நிறைய உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஊர் ஊராகச் சென்று அவற்றைப் படித்தார்கள். 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூல் வெளிவந்தது.

அந்தக் காலத்துப் போர் பெரும்பாலும் மாட்டுக்காக நடந்தது. பகைவன் ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போவான். ஊர் ஆண்கள் துரத்திப் போய் மீட்பார்கள். மாடு போனால் பால் போயிற்று, உழவு போயிற்று, எரு போயிற்று. மாடும் போய், மாட்டை மீட்கப் போன கணவனும் போனால்? மிஞ்சுவது பெண்ணும் பிள்ளைகளும் பசியும்தான்.

கல்லிலே ஒரு வளையல் கை

பெண்ணுக்குக் கல்லே இல்லையா? உண்டு.

பிற்காலத்து நடுகற்கள் சிலவற்றில் வீரனுக்குப் பக்கத்தில் மனைவியும் நிற்கிறாள். இன்னும் சில கற்களில் ஒரு கை மட்டும் செதுக்கப்பட்டிருக்கும். முழங்கை மடங்கி, உள்ளங்கை மேல்நோக்கி உயர்ந்திருக்கும். கை நிறைய வளையல். கணவனோடு தீயில் இறங்கியவளின் அடையாளம் அது. அவள் சுமங்கலியாகவே போனாள் என்பதைச் சொல்லத்தான் வளையல்!

இந்தக் கற்களைச் சதிக்கல் என்றும் மாசதிக்கல் என்றும் சொல்வார்கள். கன்னட நாட்டிலும், அதை ஒட்டிய இந்த எல்லைப் பகுதியிலும் இவை உண்டு.

எவ்வளவு கொடுமையான கணக்கு, பாருங்கள்! செத்தவளுக்குக் கல் கிடைத்தது. உயிரோடு இருந்து, கூலி வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவளுக்குக் கல் இல்லை.

1829-ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு வங்காளத்தில் உடன்கட்டை ஏறுவதைத் தடை செய்தார். 1830-ல் சென்னை மாகாணத்திலும் அது சட்டம் ஆயிற்று.

பாடத் தெரிந்தவர்கள் தப்பினார்கள்

பழைய காலத்தில் பெயர் தப்பிய பெண்கள் சிலர் உண்டு. அவர்கள் பாடத் தெரிந்தவர்கள்.

இன்றைய தர்மபுரிதான் அன்றைய தகடூர். அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் சபையில் இருந்தவர் ஔவையார். காஞ்சியில் இருந்த தொண்டைமானிடம் அதியமானுக்காகத் தூது போனவரும் அவரே. தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டினான். ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளத்தன. ஔவையார் சிரிக்காமல் ஒன்று சொன்னார். உன் ஆயுதங்கள் அழகாக இருக்கின்றன. அதியமானின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். போர் பழகியவன் யார் என்பது தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும்!

பின்னர் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். அந்தப் போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூல் இருந்தது. முழு நூலும் இன்று கிடைக்கவில்லை. சில பாட்டுகளே மிஞ்சின. அதியமான் மாண்டபோது ஔவையார் பாடிய இரங்கற் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது.

அதே புறநானூற்றில் பாண்டிய அரசி ஒருத்தியின் பாட்டும் உண்டு. அவள் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு. கணவன் இறந்ததும் தீயில் இறங்கத் துணிந்தாள். சான்றோர் தடுத்தார்கள். விதவை வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அவள் அவர்களுக்குச் சொன்னாள். நெய் இல்லாத பிழிந்த சோறு. பாய் இல்லாமல் பருக்கைக் கல்லின் மேல் படுக்கை. அதற்கு இந்தத் தீ மேல் என்றாள். அரசிக்கே அந்தக் கதி என்றால் ஏழைப் பெண்ணின் கதி என்ன?

ஓர் ஆயுளில் மூன்று போர்

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வருவோம்.

இந்தச் சீமைக்கு அப்போது பாராமகால் என்று பெயர். மைசூரில் ஐதர் அலியின் ஆட்சி. சென்னையில் ஆங்கிலக் கம்பெனி. நடுவில் பாராமகால்.

மத்தூர்ப் பக்கத்து ஒரு சிறுமியைக் கற்பனை செய்து பார்ப்போம். 1767-ல் அவளுக்குப் பத்து வயது. அவள் கற்பனைதான். ஆனால் அவளைச் சுற்றி நடந்தவை சரித்திரம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஐதர் அலியும் நிஜாமும் காவேரிப்பட்டினத்தின் மேல் படை எடுத்தார்கள். கம்பெனித் தளபதி ஸ்மித் திருவண்ணாமலையை நோக்கிப் பின்வாங்கினார். செப்டம்பரில் செங்கத்தில் சண்டை. மறு ஆண்டு கிருஷ்ணகிரிக் கோட்டை கம்பெனி வசம் ஆயிற்று. 1769-ல் சமாதானம். பிடித்த ஊர்கள் திரும்பி வந்தன.

பட்டாளம் வருகிறது என்றால் ஊர் என்ன செய்யும்? மாட்டை ஓட்டிக்கொண்டு கரட்டில் ஏறும். சிப்பாய்க்குச் சோறு வேண்டும். குதிரைக்குத் தீனி வேண்டும். எந்தக் கொடியோடு வந்தாலும் கை வைப்பது குடியானவனின் குதிரில்தான். சிறுமியின் தாய் கேழ்வரகைக் குழியில் கொட்டி, மேலே மண் மூடி மெழுகுவாள். அடையாளம் தெரியாமல் மறைப்பது பெண்ணின் சாமர்த்தியம். கேழ்வரகு பல ஆண்டு கெடாது. அது பிழைத்தால் குடும்பம் பிழைக்கும்.

1780 வந்தது. சிறுமிக்கு இப்போது 23 வயது. இடுப்பில் குழந்தை. அந்த ஜூலையில் ஐதர் அலி 80,000-க்கு மேற்பட்ட படையோடு செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சீமையில் இறங்கினார். சமவெளி ஊர்கள் எரிந்தன. எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று வைக்கோல் போருக்கும் தீ வைத்தார்கள்.

1791 வந்தது. அவளுக்கு 34 வயது. இப்போது திப்பு சுல்தானுக்கும் கம்பெனிக்கும் போர். ஓசூரும் ராயக்கோட்டையும் கம்பெனியிடம் விழுந்தன. நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கினார்கள், பிடிக்க முடியவில்லை. கரட்டை நோக்கி ஓடும்போது அவள் கை பிடித்து இழுத்துப் போவது தன் மகளை. மகளுக்கு அதே பத்து வயது!

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் உடன்படிக்கை. பாராமகால் கம்பெனிக்குப் போயிற்று. ரீடு துரை கலெக்டராக வந்து நிலத்தை அளந்தார். ஒவ்வொரு வயலும் கணக்கில் ஏறியது. அதைக் காப்பாற்றி வைத்தவள் ஏறவில்லை.

மூட்டை சுமந்த லம்பாடிப் பெண்கள்

இந்தப் போரில் இன்னொரு கூட்டத்துப் பெண்களும் உண்டு. 1791 மே மாதம் காரன்வாலிஸ் பிரபு ஸ்ரீரங்கப்பட்டினம் வரை போய், தானியம் இல்லாமல் திரும்ப நேர்ந்தது. மாடுகள் செத்து விழுந்தன. இழுக்க மாடு இல்லாமல் பெரிய பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த படையெடுப்பில் அவருக்குக் கைகொடுத்தவர்கள் லம்பாடிகள். பொதி மாடுகளில் தானியம் ஏற்றி, பட்டாளத்தின் பின்னால் போய் விற்பது அவர்கள் தொழில். குடும்பத்தோடு போவார்கள். பெண்கள் மாட்டை ஓட்டுவார்கள். பொதிப் பைகளைத் தைப்பார்கள். வழியிலேயே பிள்ளை பெறுவார்கள். ஜெயித்தவர் காரன்வாலிஸ் என்று புத்தகம் சொல்லும். அவர் படைக்குச் சோறு போட்டவர்களில் ஒரு பெண்ணின் பெயரையாவது சொல்கிறதா?

தர்மபுரி மாவட்டம் சித்தேரி, சிட்டிலிங்கிப் பக்கத்து மலைகளுக்கு நடுவே லம்பாடி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். சிட்டிலிங்கிப் பெண்கள் தங்கள் பாட்டிமாரின் ஊசி வேலையை மீட்டு, அதையே பிழைப்பாக்கியிருக்கிறார்கள்.

சிவகாமிக்கு ஒரு தோழி

சரித்திரக் கதை என்றால் தமிழ் வீடுகளில் உடனே நினைவுக்கு வருவது கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. அது 1944 முதல் 1946 வரை தொடர்கதையாக வந்தது. அப்போது உலகப் போர். பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருந்த காலம். பகைவரிடம் சிறைப்பட்ட சிவகாமியின் துயரத்தை வாசகர்கள் தங்கள் வீட்டுத் துயரமாகப் படித்திருப்பார்கள்.

சிவகாமி கற்பனைப் பெண். அவள் வாழ்ந்ததாகச் சொல்லும் அதே பல்லவர் காலத்தில்தான் எடுத்தனூர் வீரன் உண்மையாகவே செத்தான். அவன் வீட்டுப் பெண்ணுக்கு எழுத ஒரு கல்கி கிடைக்கவில்லை.

வேடியப்பனுக்குப் பொங்கல்

இந்தப் பகுதிகளில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். தீயில் இறங்கிய பெண்ணைத் தீப்பாஞ்சம்மன் என்று கும்பிடுகிறார்கள். பெண்கள் பொங்கல் வைத்து, பிள்ளைகளுக்கு விபூதி பூசுகிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் நன்றி மறக்கவில்லை.

ஆனால் நன்றி மட்டும் போதுமா?

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கிறாள். அல்லது பாட்டியின் கதை இருக்கிறது. அரிசி கிடைக்காத யுத்த காலத்தில் களியும் கூழும் கிண்டியவள். பட்டாளத்துக்குப் போன கணவனின் மணியார்டருக்குக் காத்திருந்தவள். அவன் கடிதத்தை அடுத்த வீட்டுப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னவள்.

இன்று அவள் பேத்திக்கு எழுதத் தெரியும். இன்றிரவே பாட்டியின் பக்கத்தில் உட்காரட்டும். பெயர், ஊர், பட்ட பாடு எல்லாவற்றையும் கேட்டு எழுதட்டும்.

கல்லில்தான் இடம் கொடுக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் நிறைய இடம் இருக்கிறது.