பெரியம்மா, என்ர பிறப்புப் பத்திரம்

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்ச் சனத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சோதனைச் சாவடிதான். 2002 ஒப்பந்தத்துக்குப் பிறகு மன்னாருக்கும் வன்னிக்கும் இடையே போய்வந்த உங்களில் பலர் உயிலங்குளத்தில் வரிசையில் நின்றிருப்பீர்கள். அடையாள அட்டை இல்லாவிட்டால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கடதாசியின் பெறுமதி எனக்கு விளங்கியது அங்கேதான். என் தங்கச்சியின் மகளுக்கோ அது ஜேர்மனியில், பள்ளிக்கூடத்தில் விளங்கியது.

2008 ஏப்ரலில், மடு மாதாவின் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோன அந்த மாதத்தில், கிளிநொச்சியில் பிறந்த பிள்ளை அவள். தகப்பன் 2009 முடிவில் ஜேர்மனி போய்ச் சேர்ந்தார். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு, 2014 இல் தாயையும் பிள்ளையையும் எடுத்தார். பிள்ளைக்கு அப்போது 6 வயது. 2018 இல் அங்கே ஒரு தம்பி பிறந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜேர்மனியில் 2000 ஆம் ஆண்டு வந்து 2024 வரை இருந்த விதிப்படி, தாய் தகப்பனில் ஒருவர் 8 வருடம் சட்டப்படி வாழ்ந்து நிரந்தர வதிவிட உரிமையும் வைத்திருந்தால், அங்கே பிறந்த பிள்ளை பிறக்கும்போதே ஜேர்மன் பிரசையாக இருந்தது. ஒரு வீட்டில், ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள். தம்பி ஜேர்மன்காரன், அக்கா அகதி.

2023 இல் அவளின் வகுப்பு லண்டனுக்குச் சுற்றுலா போனது. ஜேர்மன் பாஸ்போட் உள்ள பிள்ளைகளுக்கு விசா வேண்டாம். முன்பென்றால் பள்ளிக்கூடம் கொடுக்கும் பெயர்ப் பட்டியலோடு மற்றப் பிள்ளைகளும் போயிருக்கலாம். 2021 ஒக்டோபரில் பிரித்தானியா அதை ஏற்பதை நிறுத்திவிட்டது. விசா எடுக்க நாளும் இல்லை, காசும் இல்லை. வகுப்பு லண்டனில் நின்ற ஐந்து நாளும் அவளைக் கீழ் வகுப்பொன்றில் இருத்திவிட்டார்கள். "பெரியம்மா, சின்னப் பிள்ளையளோட இருந்து படம் கீறினனான்" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தாய்தான் அழுதாள்.

அடுத்த வருடம் அவளுக்கு 16 வயதானது. அங்கே 16 வயதானால் பிரசாவுரிமைக்குத் தானே விண்ணப்பிக்கலாம். தாய் தகப்பனின் கையெழுத்து வேண்டாம். அந்த வருடமே, 27.6.2024 முதல், புதிய சட்டமும் நடைமுறைக்கு வந்தது. 8 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும் என்றிருந்ததை 5 ஆகக் குறைத்தார்கள். பழைய நாட்டுப் பிரசாவுரிமையை விட வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் குடும்பம் அரச உதவிப் பணத்தில் தங்கியிராமல் சீவிக்க வேண்டும். தகப்பன் உணவகச் சமையலறையில், தாய் துப்புரவு வேலையில். அப்படித்தான் அந்த நிபந்தனை நிறைவேறியது.

சோதனையும் உண்டு. 310 கேள்விகள் உள்ள தொகுதியிலிருந்து 33 கேட்பார்கள், 17 சரியாக இருந்தால் போதும். பிள்ளை படிக்கும்போது தங்கச்சியும் பக்கத்தில் இருந்து படித்தாள். மகள் சித்தியடைந்தாள். தங்கச்சிக்கோ அதற்கு முன்னால் மொழிச் சோதனை நிற்கிறது. இரண்டு தரம் எழுதியும் சரிவரவில்லை. இரவு வேலை செய்துவிட்டு வந்து எந்த மூளையில் பாசை ஏறும்? தாயோடு சேர்ந்து விண்ணப்பிக்கும், உழைப்பில்லாத பிள்ளைக்குக் கட்டணம் 51 யூரோ. இவள் தனியே போனதால் பெரியவர்களுக்குரிய 255 யூரோ.

என்னுடைய வேலை பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். மூலப் பத்திரம் 2009 இல் வன்னியில் எங்கோ பங்கருக்குள் போய்விட்டது. வவுனியா போய், ஏ9 பாதையில் பஸ் ஏறி, கிளிநொச்சிக்கு மூன்று தரம் அலைந்தேன். ஒரு கந்தோரில் "ஏடு இல்லை" என்றார்கள், மூன்றாம் தரம் அதே கந்தோரில் ஏடு இருந்தது. பதிவில் தகப்பனின் பெயர் ஒரு எழுத்து வித்தியாசம். அதற்கு சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினேன். அந்த ஒரு எழுத்தால் ஜேர்மனியில் நான்கு மாதம் கோப்பு அசையவில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள சகோதரிகளே, உங்களிடமும் ஒருநாள் இப்படிக் கேட்பார்கள். பிறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிகளை இப்போதே எடுத்து, தகப்பன் பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம்முடைய தகப்பன் பெயர் அங்கே போனதும் குடும்பப் பெயராகிவிடுகிறது. பேரப்பிள்ளை வரை அதே பிழை தொடரும்.

சென்ற வருடம், பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகுமுன், பிரசாவுரிமைப் பத்திரம் கையில் கிடைத்தது. விழா வைத்துத்தான் கொடுத்தார்கள். அந்த நாட்டு அடிப்படைச் சட்டத்தை மதிப்பேன் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். தங்கச்சி பின்வரிசையில் இருந்தாள். இரவு எனக்குப் போன் எடுத்து, "பிள்ளை என்னை விட்டிட்டு அங்கால போனமாதிரி கிடக்கு அக்கா" என்றாள். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுப் பிரசாவுரிமையைத் தானாக எடுத்தவர் இலங்கைப் பிரசாவுரிமையை இழப்பார். இரட்டைப் பிரசாவுரிமை வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஆனால் கிழமை கழித்து வந்த போனில் குரல் வேறு மாதிரி இருந்தது. பிரசாவுரிமைக்குத் தேவைப்படாத தாயின் கையெழுத்து பாஸ்போட்டுக்குத் தேவையாம். 18 வயதாகாத பிள்ளைக்கு அங்கே பாஸ்போட் விண்ணப்பத்தைத் தாய் தகப்பன்தான் கொடுக்க வேண்டும். "வடிவா என்ர பேரை எழுதினனான் அக்கா" என்றாள்.

அந்த வீட்டில் உயிலங்குளத்துக்கு வரக்கூடிய பெரிய ஆள் இப்போது அவள் ஒருத்திதான். தாய் தகப்பனிடம் இருப்பது அகதிகளுக்கான நீலப் பயணப் பத்திரம். அதில் இலங்கை தவிர்ந்த நாடுகளுக்கு என்று எழுதியிருக்கும். எங்கள் அம்மாவுக்கு 81 வயது. தங்கச்சியைக் கண்டு பன்னிரண்டு வருடம். பேத்தியையாவது பார்க்கட்டும் என்று ஆடி மாத லீவுக்கு ரிக்கற் பார்க்கிறார்கள். சுற்றுலா விசா முதலில் 30 நாளுக்குக் கிடைக்கும். தாய் பிறந்த ஊருக்கு 30 நாள்.

நேற்று அவளே கேட்டாள். "பெரியம்மா, கட்டுநாயக்காவில இறங்கேக்க நான் வெளிநாட்டுக்காரற்ற வரிசையிலதானே நிக்க வேணும்?"

"ஓம் மகள், அந்த வரிசையிலயே நில்லு. நான் வெளியில நிப்பன்" என்றேன்.