கஷாயம் குடித்துக்கொண்டே காத்திருக்காதீர்கள்

ஹீமோகுளோபின் 5 கிராம் உள்ள ஒரு பெண் பஸ் பிடித்து, வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி எதிரில் வந்து உட்காருவது எங்களுக்குப் பழகிவிட்டது. இருக்க வேண்டியது குறைந்தது 12. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றுதான் வந்திருப்பார். மாதவிலக்கு எப்படி என்று கேட்டால் மெல்ல விஷயம் வெளியே வரும். எட்டு மாதமாக ஒவ்வொரு முறையும் பத்து, பன்னிரண்டு நாள் நிற்கவில்லை. கட்டி கட்டியாகப் போகிறது. ஏம்மா முன்னாடியே வரவில்லை? “நிற்கிற வயசு டாக்டர், அப்படித்தான் போகும்னு எல்லாரும் சொன்னாங்க. வாழைப்பூ சாப்பிட்டேன், மாதுளந்தோல் கஷாயம் போட்டுக் குடிச்சேன். கொஞ்சம் கேட்ட மாதிரி இருந்துச்சு.”

வாழைப்பூவோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை; எங்கள் வீட்டிலும் பொரியல் உண்டு. அந்த எட்டு மாதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. நோய் இன்னதென்று தெரியாமலே வைத்தியம் தொடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் பாட்டி சொன்னாள், அத்தை சொன்னாள் என்பார்கள். இப்போது ரீல்ஸ் பார்த்துவிட்டு ஆர்டர் போட்டால் கூரியரில் பொடி டப்பா வந்துவிடுகிறது. ‘நூறு சதவீதம் இயற்கை, பக்கவிளைவு இல்லை’ என்று மூடியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அரளி விதையும் நூறு சதவீதம் இயற்கைதான்.

நிற்கிற வயசா, நோயா?

மாதவிலக்கு முற்றாக நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் தேதி முன்பின்னாகும். ஒரு மாதம் வராது, அடுத்த மாதம் வரும். அதுவரை சரி. வெள்ளமாகப் போவதையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது. நார்க்கட்டி இருக்கலாம், கர்ப்பப்பை உட்சுவர் தடித்திருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம், சிலருக்குப் புற்றுநோயாகவும் இருக்கலாம். இவற்றில் எது என்று வாழைப்பூவுக்குத் தெரியாது.

ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்துவிடுகிறது, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் போகின்றன, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறது, ஏழு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் வாருங்கள். ஒரு வருடம் முழுக்க நின்றுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அந்த வாரமே வர வேண்டும். ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரமல்ல அது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சிலருக்கு உட்சுவரிலிருந்து சிறு திசு எடுத்துப் பார்ப்பது. அவ்வளவுதான்.

பெண்கள் தள்ளிப்போடுவதற்கு அவர்கள் வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு: ‘போனா கர்ப்பப்பையை எடுத்துடுவாங்க.’ இந்தப் பயம் வெறும் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை அமல்படுத்துங்கள் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டி வந்தது. ஆகவே ‘எடுத்துவிடலாம்’ என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு மாத்திரையிலேயே ரத்தப்போக்கு கட்டுப்படும். காப்பர்-டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஒன்று இருக்கிறது. பொருந்துகிறவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு நிம்மதி.

பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும்

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊற வைக்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! 100 கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூடத் தேறாது. நம் நாட்டுப் பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. பேரீச்சம்பழத்தில் பீட்ரூட்டைவிடக் கொஞ்சம் கூடுதல், கூடவே நிறைய சர்க்கரை. முருங்கைக்கீரை நல்லது, எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது. ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் சாப்பிடுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம். அவற்றில் நிஜமாகவே இரும்பு இருக்கிறது. ஆனால் 6, 7 கிராமுக்கு இறங்கிவிட்ட பிறகு உணவை மட்டும் நம்பி ஏற முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரை ஒன்றிலேயே 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிட்டு, ஜூஸ் பிழிகிறார்கள்.

மாத்திரை சூடு, மலம் கறுப்பாகப் போகிறது, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்: மூன்றையும் தினமும் கேட்கிறேன். மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மாத்திரையைப் போட்டுவிட்டு உடனே டீ குடிப்பதும், கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்குவதும்தான் கெடுதல். இரும்பு உடம்பில் சேராது.

ஒரு பெண் பேச்சுக்கு நடுவில் கைப்பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்து, பச்சரிசியை நாலைந்து மணியாக வாயில் போட்டுக்கொண்டார். கூட வந்த மாமியார், “அரிசி தின்னு தின்னுதான் இவளுக்குச் சோகை பிடிச்சிருக்கு” என்றார். பெரும்பாலும் விஷயம் தலைகீழ். இரும்புச்சத்து குறைந்ததால்தான் அரிசி, சாக்பீஸ், ஐஸ் கட்டி என்று மனம் போகிறது. திட்டாதீர்கள், ரத்தம் பாருங்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேர் ரத்தசோகை உள்ளவர்கள்.

கழற்சிக்காய், மலைவேம்பு, விதைகள்

மாதவிலக்கு தள்ளிப்போனால் முதலில் பார்க்க வேண்டியது கர்ப்பமா இல்லையா என்பதை. கல்யாணம் ஆனவர்கள்கூட அதைப் பார்க்காமல் எள்ளுருண்டை, பப்பாளி, கருஞ்சீரகக் கஷாயம் என்று தொடங்கிவிடுகிறார்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் அது எந்தக் கஷாயத்துக்கும் காத்திருக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

இளம்பெண்கள் கொண்டுவருவது வேறு பிரச்சினை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பிசிஓடி’ என்று இருக்கும். “நீர்க்கட்டி கரைஞ்சிடுமா டாக்டர்?” என்று அம்மாக்கள் கேட்பார்கள். அவை கரைக்க வேண்டிய கட்டிகளே அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருந்து, வேறு காரணம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பிசிஓஎஸ் (பிசிஓடி என்று பலரும் சொல்வது இதைத்தான்) என்று சொல்ல வேண்டும். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்கு இதற்காக ஸ்கேன் எடுப்பதே சரியல்ல என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். அந்த வயதில் கருமுட்டைப் பைகள் நிறையத் தெரிவது சகஜம். பதினைந்து வயதுப் பிள்ளை தலையில் ‘உனக்குக் குழந்தை பிறக்காது’ என்ற பயத்தை ஏற்றிவிடும் ஸ்கேன் காகிதத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

சரி, பொடிகள். கழற்சிக்காய்ப் பொடியை மிளகோடு சேர்த்துக் காலையில் விழுங்கினால் மாதவிலக்கு சீராகும் என்கிறார்கள். அது பிசிஓஎஸ்ஸைக் குணமாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. மலைவேம்புச் சாறு இன்னும் கவலை தருகிறது. அந்த ஒரே பெயரில் இரண்டு மரங்களைச் சொல்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பழம் மனிதருக்கு நஞ்சு. இலையைப் பறித்துக் கொடுக்கிறவருக்கு எந்த மரம் என்று தெரியுமா? மாதத்தின் முதல் பாதிக்கு ஆளியும் பூசணி விதையும், மறுபாதிக்கு எள்ளும் சூரியகாந்தி விதையும் என்ற புது வழக்கத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, பலன் என்று சொல்லவும் ஒன்றுமில்லை. நல்ல தின்பண்டம். அதற்கு மாதச் சந்தா கட்டாதீர்கள்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பி.எஸ்.எம்.எஸ். படித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. போய் நாடி காட்டுங்கள். முகம் தெரியாத ஒருவர் போனில் சொன்னதைச் சித்தா என்று சொல்லாதீர்கள்.

பிசிஓஎஸ்ஸில் நிஜமாகவே வேலை செய்யும் இயற்கை வழி ஒன்று உண்டு, அதை யாரும் கூரியரில் அனுப்ப முடியாது. எடை கூடியவர்கள் 100க்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு திரும்புகிறது. 80 கிலோ இருந்தால் 4 கிலோவில் தொடங்கும். தினம் நடை, தட்டில் சோற்றைக் குறைத்துப் பயறும் காயும் முட்டையும், ராத்திரி போனை வைத்துவிட்டுத் தூக்கம். உளுந்தங்களி நல்ல உணவுதான். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துத் தினமும் கொடுத்தால் எடை எங்கே இறங்கும்? மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருப்பதையும் ‘தொல்லை விட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். உட்சுவர் தடித்துக்கொண்டே போகும்.

தைராய்டுக்குக் கொத்தமல்லித் தண்ணீர்

தனியாவை ஊறவைத்துக் குடிப்பதில் தப்பில்லை. அதைக் குடித்துவிட்டுத் தைராக்ஸின் மாத்திரையை நிறுத்துவதுதான் தப்பு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் இதைச் செய்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். அமுக்கரா மாத்திரையும் இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. சிலருக்கு அது தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடுகிறது; கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க் 2023-ல் அதைத் தடையே செய்துவிட்டது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு வரும்முன் சொல்லிவிடுங்கள். முடிவைத் தவறாகக் காட்டும். இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதிவிடுவோம்.

எல்லாம் ‘கேஸ்’ அல்ல

மலச்சிக்கலுக்கு நிலவாகை உலகம் அறிந்த மருந்து. ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரிலேயே வெளிநாடுகளுக்குப் போகிறது. நாலைந்து நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் தினமும் எடுத்தால் பொட்டாசியம் குறைந்து கை கால் சோர்ந்துவிடும். உடம்பு இளைக்க வைக்கும் டீ என்று விற்கிறார்களே, அவற்றில் பலவற்றில் இருப்பது இதே நிலவாகைதான். இறங்குவது கொழுப்பல்ல, தண்ணீர். இசப்கோல் பாதுகாப்பானது, நிறையத் தண்ணீரோடு எடுத்தால்.

ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வயிறு உப்பத் தொடங்கி, நாலு கவளத்திலேயே நிறைந்துவிடுகிறது, சேலைக்கட்டு இறுகுகிறது, அடிக்கடி சிறுநீர் வருகிறது என்றால் அதை வாயு என்று சொல்லாதீர்கள். சினைப்பைப் புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாமல் வருகிறது. ஓமத் தண்ணீரும், மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் அசிடிட்டி மாத்திரையுமாக ஆறு மாதம் ஓட்டிவிட்டு வயிறு முழுக்க நீரோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. மூன்று வாரம் தொடர்ந்தால் ஒரு ஸ்கேன் எடுங்கள். புற்றுநோய் இல்லை என்று தெரிந்தால் ஓமம் எங்கே போய்விடப் போகிறது?

கல்யாணத்துக்காகத் தள்ளிப்போடும் மாத்திரை

கோயில் விசேஷம், கிரகப்பிரவேசம், நாத்தனார் கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். கஷாயத்துக்குப் பயப்படாதவர்கள் இதற்கும் பயப்படுவதில்லை. அது நாரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும் ஆபத்து சிலருக்கு உண்டு. அந்தச் சிலரில் நீங்கள் இருக்கிறீர்களா என்று கடைக்காரரால் சொல்ல முடியாது. கருக்கலைப்பு மாத்திரையைப் பற்றி ஒரே வரி: கரு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அதை விழுங்காதீர்கள்.

வீட்டிலேயே கேட்பவை

மாதவிலக்கு வலிக்கு வெந்நீர்ப் பை நிஜமான மருந்து. அடிவயிற்றில் வைத்துப் படுங்கள். இஞ்சிக்கும் ஓரளவு சான்று இருக்கிறது. சுக்குக் காபி குடிக்கிறவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். நடப்பதும் நல்லது. வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள். மெஃபனமிக் அமிலம் போட்டபின் காய்ச்சலும் தோலில் தடிப்பும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு வாருங்கள். இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மாத்திரை போட்டும் பள்ளிக்கூடம் போக முடியாத வலி இருந்தால், ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’ என்று சொல்லிப் பெண்ணைப் படுக்க வைத்துவிடாதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் பல வருடம் இப்படித்தான் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கிறது.

வெள்ளைப்படுதலுக்கு மஞ்சள், தயிர், கிருமிநாசினி என்று எதையும் உள்ளே வைக்கவோ ஊற்றவோ வேண்டாம். உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். கழுவக் கழுவத்தான் தொற்று வரும்.

ஒரு வேண்டுகோள்

வீட்டில் கணவருக்கு லேசாக நெஞ்சு எரிந்தால் ஈ.சி.ஜி. எடுக்க ஓடுகிறீர்கள். உங்களுக்கு என்று வரும்போது மட்டும் பங்குனி போகட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் அம்மா. எந்தக் கைவைத்தியமாக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் அவகாசம் கொடுக்காதீர்கள். அதற்குள் கேட்கவில்லை என்றால் கிளம்பி வாருங்கள். ரத்தப்போக்காக இருந்தால் அந்த இரண்டு வாரமும் வேண்டாம். வரும்போது வீட்டில் சாப்பிடும் பொடி, லேகியம், மாத்திரை எல்லாவற்றையும், பெயர் ஒட்டாத டப்பாவாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மறைக்காதீர்கள். திட்ட மாட்டோம்.