24 ஞாயிற்றுக்கிழமைகள்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சிகிச்சைக்காகச் சென்னைக்கு வருவோர் கவரைப்பேட்டை, தச்சூர் கூட்டுச்சாலை, காரனோடை ஆகியவற்றைக் கடந்து சோழவரத்தை அடைகின்றனர். பரிசோதனை முடிவுகள் அடங்கிய கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்வோருக்குச் சன்னலுக்கு வெளியே பார்க்கும் மனநிலை பெரும்பாலும் இருப்பதில்லை. ஆயினும் இந்தியாவின் கார்ப் பந்தய வரலாற்றில் அந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. போர் முடிந்து விமானங்கள் சென்றபின், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தைப் பந்தயக் களமாக்கிக்கொண்டது. பிப்ரவரி மாதம் வந்தால் சோழவரம் பந்தயம் என்பது சென்னைவாசிகள் பலருக்குக் கோயில் திருவிழாவைப் போல் ஆகிவிட்டது. ஃபார்முலா ஒன்னில் ஓடி ஓய்ந்த என்சைன் கார் ஒன்றை விஜய் மல்லையா ஓட்டியதும் இங்கேதான்.

திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது 1997இல். அதற்குள் சோழவரத்தின் பந்தயக் காலம் முடிந்துவிட்டது. 1990 அளவில் பந்தயங்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அமைக்கப்பட்ட புதிய தடத்துக்கு மாறின. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்திச் சிறிய ஒற்றை இருக்கைக் கார்களை உருவாக்கினார். அவ்வகைக் காரில் தம் பந்தய வாழ்வைத் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன், 2005 மார்ச் 6 அன்று மெல்பர்னில் ஜோர்டன் அணிக்காகக் களமிறங்கி, ஃபார்முலா ஒன்னில் போட்டியிட்ட முதல் இந்தியர் ஆனார். அடுத்து 2010இல் சென்னையின் கருண் சந்தோக் வந்தார். இதுவரை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய இந்தியர் இவர்கள் இருவரே. இருவருமே தமிழ்நாட்டினர் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருந்தால் தவறில்லை.

இந்த இதழில் பந்தயத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நீண்ட சிகிச்சையில் இருப்போரிடமும் அவர்களுக்குத் துணையிருப்போரிடமும் பேசிப் பாருங்கள். வலியைவிடவும், செலவைவிடவும் அவர்களைச் சில நாட்களில் அதிகமாக வாட்டுவது காலத்தின் வடிவமற்ற தன்மையே. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். திங்கள் போனால் புதன், புதன் போனால் வெள்ளி. பொங்கலும் ஆடியும் தீபாவளியும் வந்துபோகின்றன, நாற்காலி மட்டும் மாறுவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைத் தொழிலாளியாக இருந்து, சிறுநீரகம் செயலிழந்தபின் டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருக்கும் அன்பர் ஒருவர், நாட்காட்டியில் தம்முடைய சிகிச்சை நாட்களைக் குறிப்பதில்லை. பந்தய நாட்களைத்தான் குறித்து வைக்கிறார். மூன்று ஷிப்டில் மாறி மாறி வேலை பார்த்த காலத்தில் எந்தப் பந்தயத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை என்றும், இப்போதுதான் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை பார்க்கிறேன் என்றும் அவர் சொன்னபோது, அதில் வருத்தம் எவ்வளவு, கேலி எவ்வளவு என்று பிரித்தறிய முடியவில்லை.

அவர் கண்டுகொண்டது எளிய உண்மை. ஃபார்முலா ஒன் ஒரு நாள் ஆட்டமன்று. அது ஒரு பருவம். 2025இல் மார்ச் 16 அன்று மெல்பர்னில் தொடங்கி டிசம்பர் 7 அன்று அபுதாபியில் முடிந்தது. இடையில் 24 பந்தயங்கள். வெள்ளியன்று பயிற்சி, சனியன்று தகுதிச்சுற்று, ஞாயிறன்று பந்தயம் என்பது பொதுவான முறை. செவ்வாய், வியாழன், சனி என்ற வரிசையில் டயாலிசிஸ் இருப்போர் சில வாரங்களில் தகுதிச்சுற்றை நாற்காலியிலிருந்தபடியே பார்த்துவிடலாம். ஞாயிறு அவர்களுக்கும் ஓய்வு.

புதிதாகப் பார்க்கத் தொடங்குவோர் முன்னணியில் செல்லும் காரை மட்டுமே நோக்குவர். சிறிது காலம் போனால் கண் பின்னால் செல்லும். முதலிடத்துக்கு 25 புள்ளிகள், இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15 என இறங்கிப் பத்தாமிடத்துக்கு ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்காகப் பின்வரிசையில் நடக்கும் போராட்டம்தான் பல ஞாயிறுகளில் சுவையானது. எல்லாப் பந்தயங்களும் சுவையாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் ஒருவரை ஒருவர் முந்துவதே அரிது. அந்த ஞாயிறன்று தூங்கிவிட்டாலும் இழப்பு பெரிதில்லை. இது என் தனிக்கருத்து, ரசிகர்கள் பொறுத்தருள்க.

பருவம் என்பதன் பொருள் 2025இல் நன்றாக விளங்கியது. ஆகஸ்ட் 31 அன்று நெதர்லாந்துப் பந்தயத்தில் இரண்டாமிடத்தில் சென்றுகொண்டிருந்த லேண்டோ நாரிஸின் மெக்லாரன் கார், முடிய ஒருசில சுற்றுகளே இருக்கையில் புகை கக்கி நின்றது. அணித் தோழர் ஆஸ்கர் பியாஸ்ட்ரியைவிட 34 புள்ளிகள் பின்தங்கினார். தடத்தின் ஓரத்தில் மணல்மேட்டின்மேல் தலைகுனிந்து அமர்ந்திருந்த அவரைத் தொலைக்காட்சி காட்டியது. அன்று மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் இன்னும் மோசமான நிலையில், முதலிடத்துக்கு 104 புள்ளிகள் பின்னால் இருந்தார். டிசம்பர் 7 இரவு நாரிஸ் 423 புள்ளிகளுடன் உலகச் சாம்பியன்; வெர்ஸ்டாப்பன் 421. ஆகஸ்ட் மாத இறுதியில் தொலைக்காட்சியை அணைத்தவர்கள் பருவத்தின் சிறந்த பகுதியைத் தவறவிட்டார்கள்.

பந்தயம் முடிந்து காரைவிட்டு இறங்கும் ஓட்டுநர்கள் நேரே எடைமேடையில் ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். காரும் ஓட்டுநரும் சேர்ந்து குறைந்தபட்ச எடையை எட்டவேண்டும் என்ற விதிக்காக அது. சிங்கப்பூர் போன்ற வெக்கையான இடங்களில் இரண்டு மூன்று கிலோ வரை வியர்வையாகவே போய்விடும். டயாலிசிஸ் பிரிவுக்கு வருவோருக்கும் முதலில் எடைமேடை, முடிந்தபின் மீண்டும் எடைமேடை. அவர்கள் இழந்த நீரைக் குடித்து ஈடுசெய்ய வேண்டும். நம்மவர்கள் சேர்ந்த நீரை இறக்கி, டிரை வெயிட் எனச் செவிலியர் குறிப்பிடும் எடைக்குத் திரும்ப வேண்டும். பந்தயத்தைப் பார்க்கும் ஆர்வத்தில் கை தானாகத் தண்ணீர்ப் புட்டியைத் தேடும். அன்றைய அளவை ஒரு சிறு புட்டியில் முன்கூட்டியே ஊற்றி வைத்துக்கொள்வது நல்லது.

சிறுநீரக நோயாளர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஓட்டுநர் ஒருவர் உண்டு. ஆஸ்திரியாவின் நிக்கி லௌடா. ரசிகர்கள் பலர் அவரைத் தீயினால் அறிவர். 1976 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் அவருடைய ஃபெராரி மோதித் தீப்பற்றியது. அந்தத் தடம் பாதுகாப்பற்றது, அங்கே பந்தயம் வேண்டாம் என்று வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர் என்பது விதியின் விளையாட்டு. சக ஓட்டுநர்கள் நால்வர் தங்கள் கார்களை நிறுத்திவிட்டு ஓடிவந்து அவரை வெளியே இழுத்தனர். முகமும் தலையும் வெந்தன. நச்சுப்புகையை உள்ளிழுத்ததால் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மருத்துவமனையில் பாதிரியார் வந்து இறுதிச் சடங்கையே செய்துவிட்டார்.

ஆறு வாரங்கள் கழித்து, செப்டம்பர் 12 அன்று இத்தாலியின் மோன்சாவில், ஆறாத புண்களின்மேல் கட்டுடன் அவர் பந்தயத்தில் கலந்துகொண்டு நான்காவதாக வந்தார். இந்தக் கதையை உற்சாகமூட்டும் பேச்சாளர்கள் அடிக்கடி சொல்வர். அவர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. மோன்சாவில் முதன்முதலாகக் காரில் ஏறியபோது அச்சத்தால் உடல் விறைத்துப்போனதாக லௌடாவே பிற்காலத்தில் எழுதினார். அன்று அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு மோன்சாவைவிட ஃபூஜி முக்கியமாகத் தோன்றுகிறது. அக்டோபர் 24, ஜப்பானில் பருவத்தின் கடைசிப் பந்தயம். பிரிட்டனின் ஜேம்ஸ் ஹன்ட்டைவிட லௌடா மூன்று புள்ளிகள் முன்னிலை. பெருமழை, எதிரே செல்லும் கார் தெரியாத நிலை, தீக்காயத்தால் இமைகள் சரியாக மூடித் திறக்கவும் இல்லை. இரண்டு சுற்றுகள் ஓட்டிவிட்டு, காரைக் கொண்டுவந்து நிறுத்தி இறங்கிவிட்டார். எஞ்சினில் கோளாறு என்று சொல்லிவிடலாம் என அணியினர் அவருக்காகப் பரிந்து முன்வந்தனர். லௌடா மறுத்தார். காரில் குறை ஏதுமில்லை, ஓட்ட வேண்டாம் என்பது தம் முடிவு என்றே சொன்னார். ஹன்ட் மூன்றாவதாக வந்து, 69க்கு 68 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தைப் பெற்றார். லௌடாவைக் கோழை என்று எழுதிய பத்திரிகைகளும் இருந்தன. அடுத்த ஆண்டே அவர் மீண்டும் சாம்பியன் ஆனார். இடையில் ஓய்வுபெற்றுத் திரும்பி, 1984இல் அரைப் புள்ளி வித்தியாசத்தில் மூன்றாம் முறையும் வென்றார்.

சிகிச்சையில் இருப்போரிடம் சுற்றமும் நட்பும் ஓயாமல் சொல்வது "தைரியமாக இருங்கள்" என்பதே. அன்பினால் சொல்வதுதான். ஆனால் இன்று முடியவில்லை, பயமாக இருக்கிறது, இந்த வாரம் யாரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்ல நினைப்பவரின் வாயை அது அடைத்துவிடுவதும் உண்டு. எஞ்சின் கோளாறு என்று சொல்லித் தப்பும் வழியைத்தான் நாமும் அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம். பயத்தை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்பவருக்கு, மருந்தின் அளவையோ நாளையோ மாற்றும் வாய்ப்பையாவது மருத்துவர் ஆராய இயலும். உடனிருப்போருக்கும் இது பொருந்தும். அவர்களுக்கும் களைப்பு உண்டு, அதைச் சொல்வது குற்றமன்று.

லௌடாவின் எஞ்சிய கதை மருத்துவமனைகளில் நடந்தது. 1997இல் அவருடைய தம்பி ஃப்ளோரியான் ஒரு சிறுநீரகம் அளித்தார். அது செயலிழந்தபின் 2005இல் இரண்டாவது சிறுநீரகத்தை அளித்தவர் பிர்கிட். சில ஆண்டுகள் கழித்து அவரையே லௌடா மணந்தார். நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி போன்ற நெருங்கிய உறவினர் அல்லாதவர் உயிருடன் இருக்கையில் உறுப்பு வழங்க, அதற்கென அமைந்த குழுவின் ஒப்புதல் வேண்டும். உங்கள் வீட்டில் யாரேனும் முன்வந்தால், இடைத்தரகர் எவரையும் நாடாமல், மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் நேரே பேசுங்கள். 2018 ஆகஸ்டில் வியன்னாவில் லௌடாவுக்கு நுரையீரல் மாற்று அறுவை செய்யப்பட்டது. 2019 மே 20 அன்று, 70ஆம் வயதில் காலமானார். அந்த வார இறுதியில் மொனாக்கோவில் ஓட்டுநர்கள் அவருடைய அடையாளமான சிவப்புத் தொப்பியை அணிந்து நின்றனர். முன்னர் மொனாக்கோவைப் பழித்தேன். அந்த ஆண்டுக்கு மட்டும் விலக்கு.

பந்தயத்திடமிருந்து மருத்துவம் கற்றதும் உண்டு. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை முடித்துக் களைத்திருந்த மருத்துவர்கள், தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பார்த்தனர். ஏறத்தாழ இருபது பேர் ஒரு காரைச் சூழ்ந்து, சில விநாடிகளில் நான்கு சக்கரங்களையும் மாற்றி, ஒருவர்மீது ஒருவர் மோதாமல் விலகுவதைக் கண்டு வியந்தனர். அறுவை அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் குழந்தையை மாற்றும் நேரத்தில் குழாய்களும் கருவிகளும் செய்திகளும் கைமாறும். தவறு நேர்வது அங்கேதான். ஃபெராரி அணியினரை அணுகிக் கற்று, ஒவ்வொருவருக்கும் நிற்கும் இடம், செய்யும் வேலை, பொறுப்பேற்கும் ஒரு தலைவர், பேச்சைக் குறைத்தல் என முறையை மாற்றினர். தவறுகள் குறைந்தன, 2007இல் அது ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. உங்கள் உறவினரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுசெல்லும்போது, செவிலியர் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்து ஒப்படைப்பதைக் கண்டால், அந்தச் சில நிமிடங்கள் மட்டும் கேள்விகளை ஒத்திவையுங்கள். அதன்பின் தாராளமாகக் கேட்கலாம்.

பார்க்க விரும்புவோர்க்கு நேரக் கணக்கு: ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் நமக்கு மாலை 6.30க்கு. இரவு உணவுக்கும் மாத்திரைக்கும் முன்பே முடிந்துவிடும். ஜப்பான் காலை 10.30. பிரேசில் இரவு 10.30 போல வரும். அமெரிக்காவின் ஆஸ்டின் பந்தயம் நள்ளிரவையும் தாண்டும். விடியற்காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பித் திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு டயாலிசிஸ் நாற்காலியை அடைய வேண்டியவர்கள் அவ்விரண்டையும் விட்டுவிட்டு உறங்கலாம். யார் வென்றார் என்பதைப் பக்கத்து நாற்காலிக்காரர் எப்படியும் சொல்லிவிடுவார்.